கொடியில் காயாத துணி

என் கொழுந்தன் பெண்சாதி மாதத்தில் மூன்று நாள் கால் நீட்டிப் படுத்துக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எரிந்தது, அவ்வளவுதான். அவளாக ஆசைப்பட்டுப் போய்ப் படுக்கவில்லை. வீட்டுக்குத் தூரமான பெண் கிணற்றுக்கு அப்பால் இருந்த அறையில் ஒதுங்கியிருக்க வேண்டும், அடுப்பைத் தொடக்கூடாது, கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது, நாலாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வாசற்படியை மிதிக்க வேண்டும். இது என் மாமியார் வைத்த சட்டம். நானும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தச் சட்டப்படி போய்ப் போய் வந்தவள்தான்.

அறுபதுகளின் கடைசி அது. மாத்தளையில் பெரிய தெருவில் எங்கள் கடை. மிளகு, கறுவாப்பட்டை, கொக்கோ எல்லாம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொக்கோ காயப்போடுகிற முற்றம், அதைத் தாண்டிக் கிணறு, கிணற்றுக்கு அப்பால் பலாமரம், அதன் நிழலில் அந்த அறை. என் வீட்டுக்காரர் மூத்தவர். அவருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் பெண்சாதிதான் நான் சொல்லுகிற என் ஓரகத்தி. என்னைவிட ஐந்து வயது இளையவள். வீட்டு ஆட்களும் கடையாட்களுமாகப் பத்துப் பேருக்கு மூன்று வேளையும் விறகடுப்பில் சமையல். ஒருத்தி அறைக்குப் போய்விட்டால் மற்றவள் ஒற்றை ஆளாகப் பத்துப் பேருக்கும் வடித்துக் கொட்டி, அறையில் இருக்கிற மகாராணிக்கும் தட்டில் போட்டுக் கொண்டுபோய் வாசலில் வைக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் நான் அந்த அறைக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நாய்க்கு வைக்கிற மாதிரி தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களே என்று. பிள்ளை பெற்று, இடுப்பு விட்டுப்போய், அடுப்புப் புகையில் கண் எரிய ஆரம்பித்த பிறகுதான் அந்த அறையின் அருமை தெரிந்தது. சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கும். ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், பழைய வாரப் பத்திரிகைகள். யாரும் கூப்பிட மாட்டார்கள். மூன்று நாளும் நான் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நாற்பத்தேழு வயதில் எனக்கு அது நிற்க ஆரம்பித்தது. இரண்டு மாதம் வரவில்லை, பிறகு ஒரு தடவை வந்தது, பிறகு ஆளையே காணோம். போனது சும்மா போயிருக்கக் கூடாதா? போகிற போக்கில் என் உடம்புக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பும். நெஞ்சுக்கு ஏறும், கழுத்துக்கு ஏறும், காது மடல் கொதிக்கும். அப்புறம் வேர்வை. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் குளிர் எடுக்கும். அதுவும் சொல்லி வைத்தது மாதிரி அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதுதான் வரும். காரணமில்லாமல் அழுகை வரும். அழுகை வராத நேரத்தில் கோபம் வரும். தேங்காய்ச் சம்பலில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக ஒரு நாள் கிண்ணத்தோடு முற்றத்தில் எறிந்தேன். காய்ந்துகொண்டிருந்த கொக்கோவெல்லாம் சம்பல்.

டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கு மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வயசு போகுதுதானேம்மா" என்று சொல்லி, ஒரு போத்தல் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். போத்தல் காலியானது. சூடு அப்படியே இருந்தது.

பக்கத்துக் கடை முஸ்லிம் குடும்பத்து ராத்தாதான் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்களுக்கு நிண்டு போற காலம்தானே? இதென்ன மறைக்கிற சாமானா? என்னைய மூணு வருஷம் ஆட்டிப் படைச்சிச்சு" என்றார். "கொத்தமல்லியும் பெலிமல்லும் அவிச்சு, ஆற வச்சுக் குடிங்க. ஈரத் துணி ஒண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு அடுப்படிக்குப் போங்க. பகல்ல ஒரு மணித்தியாலம் குளுந்த தரையில படுங்க. படுக்காட்டி மத்ததெல்லாம் வீண்."

காய்ந்த வில்வப்பூவைத்தான் எங்கள் பக்கம் பெலிமல் என்போம். அவித்துக் குடித்தேன். கொஞ்சம் கேட்டது. ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "என்ன, கொள்ளிக்குடம் தூக்கப் போறியா?" என்று மாமியார் கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். படுப்பதற்குத்தான் இடமில்லை. நட்டநடுப் பகலில் மூத்த மருமகள் கூடத்தில் படுத்துக் கிடந்தால் வீட்டுக்கு விளங்காது என்று மாமியார் சொல்லிவிடுவார். வீட்டில் குளிர்ந்த தரை உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்குள் போகிற தகுதி எனக்குப் போய்விட்டது.

என் ஓரகத்திக்குப் போகவில்லையே! அந்த மாதம் அவள் அறைக்குப் போனாள். நான் வேர்த்து வழிந்துகொண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் சாய்ந்து, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ரசம் வாசமா இருக்கே அக்கா" என்றாள். அந்த ரசத்தை அப்படியே அவள் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது. நாலாம் நாள் தலை முழுகி, ஈரக் கூந்தலை உதறிக்கொண்டு, நுவரெலியாவில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள் மாதிரி உள்ளே வந்தாள். நான் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன்.

எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் இந்த மூன்று நாளோடு மட்டும் நிற்கவில்லை. எனக்கு ஒரே மகள். ஓரகத்திக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள், கண்டியில் தங்கிப் படித்தார்கள். பெண்பிள்ளை இல்லாத குறைக்கு என் மகளைத் தன்னோடு ஒட்ட வைத்துக்கொண்டாள். தலை வாரிவிடுவது அவள், பூக்கட்டி வைப்பது அவள். "இவ எனக்குப் பொறக்க வேண்டியவ" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். என் மகள் வயதுக்கு வந்தபோது முதலில் போய்ச் சொன்னது சித்தியிடம். பெற்றவள் எனக்கு இரண்டாவதாகத்தான் தெரியும். அந்த முள் தொண்டையிலேயே இருந்தது.

மாமியாருக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. ஆனாலும் எங்கள் இருவர் கணக்கும் அவர் கையில்தான். அடுப்படிச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். ஒருத்தி தூரமானால் அன்றைய கட்டத்தில் விரலால் ஒரு புள்ளி வைப்பார். எனக்குக் கரி. அவளுக்கு மஞ்சள். ஏன் எனக்குக் கரி, ஏன் அவளுக்கு மஞ்சள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே வருடக்கணக்காக நொந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கரிப்புள்ளி இல்லாமல் போனது. "நின்னுடுச்சா?" என்று மாமியார் கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு சந்தோஷம் இருந்தது. இனி மாதம் முப்பது நாளும் கைக்கு ஒரு மருமகள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"இல்ல அத்தை. இன்னைக்குத்தான். நான் தூரம்."

சொல்லிவிட்டு விறுவிறு என்று பின்பக்கம் நடந்துவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சேலைத் தலைப்பை விலக்கிவிட்டு, வெறும் சிமெண்டில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். சூடு கிளம்பியது. கிளம்பி, தரையில் இறங்கி, போய்விட்டது. அடேயப்பா, அப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்று! சாமி குத்தமாகுமோ என்று கொஞ்சம் யோசித்தேன். தீட்டில்லாதவள் தீட்டு என்று சொன்னால் சாமிக்கு என்ன நட்டம்? தீட்டோடு இருக்கிறவள் இல்லை என்று சொன்னால்தானே குற்றம்? அப்படி எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மறுபடியும் தூங்கினேன்.

மாதா மாதம் அப்படியே போனது, எட்டு மாதம். தேதி தவறாமல் போவேன். என் ஓரகத்தி தட்டுக் கொண்டுவந்து வைப்பாள். இரண்டாம் மூன்றாம் மாதத்திலிருந்து தட்டோடு ஒரு செம்பில் கொத்தமல்லித் தண்ணீரும் வந்தது. நான் கேட்கவில்லை. "குடிங்க அக்கா, ஆற வச்சிருக்கேன்" என்பாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். என் மகள் பார்க்க நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே குடித்தேன்.

இடையில் ஒரு மாதம் அவளுடைய முறை. நாலாம் நாள் விடிந்து, வெயில் ஏறி, பத்து மணியாயிற்று, அவள் வெளியே வரவில்லை. எனக்கு அடுப்படியில் உடம்பெல்லாம் நெருப்பு. நேரே மாமியாரிடம் போனேன். "உங்க சின்ன மருமகளுக்கு மட்டும் நாலு நாளா? தலைக்கு ஊத்த நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருக்காளோ?" என்றேன். மாமியார் கிணற்றடிக்குப் போய், கடையாட்கள் காதில் விழும்படி கத்தினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கு அந்த மாதம் அதிகமாகப் போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு என் மனசு குளிர்ந்துபோயிற்று. உடம்புதான் குளிரவில்லை.

அந்த வருடக் கடைசியில் என் மகளுக்குக் கலேவெலவில் ஒரு இடம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டாரும் கடைக்காரர்கள். முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கும்போது ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், மாமியார் அடுப்படிக் காலண்டரைப் பார்த்தார். "கரி மாசப் பொறப்புல. மஞ்சள் மாசக் கடைசியில. நடுவுல பதினாலாந் தேதி வச்சா ரெண்டு பேரும் சுத்தமா இருப்பாளுக" என்றார். ஐயரின் பஞ்சாங்கமும் பதினாலுக்கு ஒத்துக்கொண்டது. என் பொய்ப் புள்ளியை நம்பி என் மகளின் கல்யாணத் தேதி குறிக்கப்பட்டது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது. எனக்கு இனி எந்தத் தேதியாக இருந்தால்தான் என்ன?

எங்கள் கல்யாணத்தில் தாய்க்கு என்று ஒரு நேரம் உண்டு. தாரை வார்க்கிற நேரம். தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைப்பான், தாய் செம்பிலிருந்து அந்தக் கைகளின் மேல் தண்ணீர் ஊற்றுவாள். தாய்க்குத் தீட்டென்றால் சித்தப்பனும் சித்தியும் மணவறையில் உட்காருவார்கள். என் மகள் பிறந்த நாளிலிருந்து நான் அந்தச் செம்பை மனசுக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே எனக்குச் சந்தன நிறத்தில் ஒரு பட்டு எடுத்திருந்தார்கள். ஓரகத்திக்கு அரக்கு நிறம்.

பதினாலாந் தேதி காலை. வாசலில் பந்தல், மேளக்காரர்கள் வந்தாயிற்று. குளித்து, சந்தனப் பட்டைக் கட்டிக்கொண்டு, என் அறையில் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது தெரிந்தது. பெண்ணாய்ப் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பத்து மாதமாக வராதது, வந்தேவிட்டது. சேலையைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சந்தனத்தில் சிவப்பு.

இப்போது நான் வெளியே போய் உண்மையைச் சொன்னால் நேரே பின்னறைதான். பலாமரத்துக்கு அடியில் உட்கார்ந்து கெட்டிமேளத்தைக் காதால் கேட்கலாம். சாமி குத்தம் என்று நான் அந்த நேரத்தில் பயப்பட்டேன் என்றால் அது பொய். என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுகூட முதலில் தோன்றவில்லை. செம்பு அவள் கைக்குப் போய்விடும் என்பதுதான் முதலில் தோன்றியது. தலை வாரிவிட்டவள், பூக்கட்டி வைத்தவள், இப்போது தாரையும் வார்க்கப்போகிறாள். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். "அக்கா, மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்திருச்சு, ஆரத்தி எடுக்கக் கூப்பிடுறாங்க."

நான் சட்டென்று அவளைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் அலுமாரியில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது எனக்கு நினைவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கெஞ்சத் தோன்றவில்லை. "போ. போய்ச் சொல்லு. இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்த" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பிறகு தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். அரக்குப் பட்டை மளமள என்று அவிழ்த்தாள்.

"கழட்டுங்க அக்கா. என்னோடதக் கட்டுங்க. அரக்குல ஒண்ணும் தெரியாது. இருங்க, துணி கொண்டாறேன்."

இடைக்கதவு வழியாக அடுத்த அறைக்குப் போய், தன் பெட்டியிலிருந்து தடிப்பாக மடித்த துணி கொண்டுவந்தாள். நான் பொம்மை மாதிரி நின்றேன். அவளே எனக்குச் சேலை கட்டி, கொசுவத்தைச் செருகி, தலைப்பை இழுத்துவிட்டாள். கறை உள் மடிப்புக்குள் போகும்படி மாற்றிச் சுற்றி என் சந்தனப் பட்டைத் தான் உடுத்துக்கொண்டாள். "போங்க, முன்னால போங்க" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

பந்தலில் மாமியார் பார்த்த மாத்திரத்தில் கேட்டார். "ஏன்டி சேலை மாறிப்போச்சு?"

"அக்காவுக்கு அரக்குத்தான் எடுப்பா இருக்கு அத்தை. நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பந்தல் ஓரத்துக் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றவள், கடைசிவரைக்கும் நகரவே இல்லை. தட்டைத் தொடவில்லை, குத்துவிளக்கைத் தொடவில்லை, குங்குமம் எடுத்துக் கொடுக்கச் சொன்னதற்கு வேறு ஒருத்தியைக் கை காட்டினாள். கறை பட்ட சேலை அவள் உடம்பில் அல்லவா இருந்தது. நான் ஒதுங்க வேண்டிய ஒதுக்கத்தை அவள் எனக்காக ஒதுங்கி நின்றாள்.

நான் செம்பைப் பிடித்தேன். தண்ணீர் ஊற்றினேன். சரியாக அந்த நேரத்தில் சூடு கிளம்பி, முகமெல்லாம் வேர்வை கொட்டியது. பெண்ணைக் கொடுக்கிற தாய் அழுகிறாள் என்று கலேவெலக்காரிகள் உச்சுக்கொட்டினார்கள். என் மகள் தலையை நிமிர்த்திப் பந்தலுக்குள் யாரையோ தேடினாள். நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன், அவள் கண் ஓரத்துக் காலுக்குப் போய்த்தான் நின்றது. அந்த நேரத்திலும், அத்தனைக்குப் பிறகும், எனக்குச் சுருக்கென்றது.

மறுவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்து ஐந்தாறு நாள் கழித்து, கிணற்றடியில் அவள் அந்தச் சந்தனப் பட்டின் கறையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எட்டு மாசம் நான் சும்மா போய்ப் படுத்தது உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ரெண்டாவது மாசமே தெரியும் அக்கா."

"எப்படி?"

அறைக்குப் பின்னால் சுவரோடு ஒரு கொடி இருந்தது. அலசிய துணிகளை அதில் போட்டு, மேலே ஒரு பழைய துவாயை விரித்துக் காயவைப்போம். ஆண்கள் கண்ணில் படாத இடம். மாமியாரும் மடி என்று அந்தப் பக்கம் வர மாட்டார். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த கொடி.

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "தூரம்னு போய்ப் படுக்கிறீங்க. மூணு நாளும் கொடியில ஒரு துணி காயலையே."

இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னவள் இரண்டு துணியை நனைத்துப் போட மறந்திருக்கிறேன்.

"அப்ப ஏன்டி அத்தைகிட்டச் சொல்லல?"

"அடுப்படியில உங்களுக்கு வேர்த்துக் கொட்டுறத நான் பாக்கலையா? படுக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நாலாம் நாள் நீ வெளிய வரலைன்னு அன்னைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். சேலையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் ஆசையில்லாம இல்ல அக்கா. அந்தச் செம்பைப் புளி போட்டு வெளக்கினது நான்தான். வெளக்கி முடிச்சிட்டு ஒரு தடவை கையில சரிச்சுப் பாத்தேன்" என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் நானாக இருந்து, கண்ணாடியில் தெரிந்த கறை அவளுடையதாக இருந்திருந்தால், மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸிலிருந்து கடைசி ஆள் இறங்குவதற்கு முன்னால் ஊருக்கே தெரிந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாதமே மாமியாரிடம் எனக்கு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். உண்மையிலும் அதோடு நின்றுதான் போயிற்று. கரிப்புள்ளி முடிந்தது. அறையும் போயிற்று. சூடு மட்டும் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதற்கு அவள்தான் ஒரு வழி பண்ணினாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அடுப்படியில் அம்மிக்குப் பக்கத்துத் தரையை ஈரத் துணியால் துடைத்து, ஒரு சாக்கை விரிப்பாள். நான் படுப்பேன். அவள் கதவை ஒருக்களித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். மாமியார் குரல் கொடுத்தால் "அக்கா மாவு சலிக்கிறாங்க" என்பாள். ராத்தா சொன்ன அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் கிடைத்தது. என்னுடைய பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு அவள் கூந்தலைப் பார்த்து எரிந்தேன், இப்போது அவள் பொறுமையைப் பார்த்து எரிந்தேன். இவளால் மட்டும் எப்படி முடிகிறது என்று.

ஐந்து வருடம் கழித்து அவளாலும் முடியாமல் போயிற்று. மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் தட்டுப்பாடான காலம் அது. கடைவாசலில் கியூவில் நின்று வாங்கிய பாணில் பூனை வாயை வைத்துவிட்டது. வாழ்க்கையில் சத்தம் போட்டே அறியாதவள் அகப்பையை எடுத்துப் பூனை மேல் எறிந்தாள். அகப்பை சுவரில் பட்டு இரண்டாக உடைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை.

"மூணு மாசமாக் காணோம் அக்கா. உடம்பு காந்துது. உங்களுக்கு வந்த மாதிரியே வருது. அத்தை இதுக்கு முன்னாலயே ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. இன்னைக்குச் சொல்லிரப் போறேன்."

மாமியாருக்கு அப்போது பாதிப் பார்வை போய்விட்டது. ஆனாலும் காலண்டரை விடவில்லை. மஞ்சள் கட்டியை உரசிய கிண்ணம் இன்னும் அதன் கீழேதான் இருந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"சொல்லாத."

"ஐயோ, பொய்யா அக்கா?"

"பொய்தான். தூரம்னு சொல்லிட்டுப் பேசாம போய்ப் படு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவள் போனாள். மத்தியானம் தட்டும், ஆற வைத்த கொத்தமல்லித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நான் போனேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பு விட்டுப்போயிருந்தது, முழங்கால் மடக்க முடியவில்லை. அவள் வெறும் சிமெண்டில் கன்னத்தை வைத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல மாட்டேன், அப்போதும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. தட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து, அவளுடைய துணி இரண்டை நனைத்துப் பிழிந்து, அறைக்குப் பின்னால் போய்க் கொடியில் காயப்போட்டேன்.